உப்பு மட்டும்தான் சொன்னாரா?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கண்டியில் மழை பிடித்தால் விடாத மாதங்களில் நடந்தது இது. நகரத்துக்குள் இருக்கும் ஒரு சமூக நிலையத்தில், பெரியவர்களுக்கான மூன்று மாதச் சிங்களப் பேச்சு வகுப்பு என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு. வயது எல்லை கிடையாது, இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நானும் போய்ப் பெயரைக் கொடுத்தேன்.

நான் வீட்டில் ரோல்ஸ், பெட்டிஸ் என்று பலகாரங்கள் செய்து கடைகளுக்குக் கொடுப்பவள். பிறந்தது புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டம். கலியாணம் முடித்துத்தான் கண்டிக்கு வந்தேன். இப்போது மஹய்யாவையில் இருக்கிறோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தெரிந்ததோ 'ஹரி', அதாவது சரி, என்ற ஒரே சொல். கடைக்காரர் நாளைக்குக் கூடக் கொண்டு வா என்றாலும் ஹரி, நாளைக்குக் கொண்டு வராதே என்றாலும் ஹரி. அப்படித்தான் ஒருநாள், பூட்டிய கடைக்கு முன்னால் கூடை நிறைய ரோல்ஸுடன் நின்று நனைந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் காலை, பகல், இரவு எல்லாமே ரோல்ஸ். அதற்குப் பிறகுதான் என் கணவர் அந்த அறிவித்தலைப் பற்றி மெதுவாக எடுத்துச் சொன்னார்.

வகுப்புக்கு ஆசிரியை திகனையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது. ஒரு அறையில் தமிழர்களுக்குச் சிங்களம், அடுத்த அறையில் சிங்களவர்களுக்குத் தமிழ், இரண்டுக்கும் அவர் ஒருவரே டீச்சர். எங்களுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு அங்கே ஓடுவார், அங்கே ஒன்றைக் கொடுத்துவிட்டு இங்கே ஓடி வருவார். "நான் நேற்றுச் சந்தைக்குப் போனேன்" என்று அடுத்த அறையில் கூட்டமாகச் சொல்வது கேட்கும்போது நாங்கள் சிரிப்போம். எங்கள் சிங்களத்தைக் கேட்டு அவர்கள் சிரிப்பதும் எங்களுக்குக் கேட்கும்.

"பிழையா செல்லுங்க, பரவால்ல. செல்லாம மட்டும் இருக்க வாணாம்." முதல் நாள் டீச்சர் சொன்னது இவ்வளவுதான்.

இடைவேளைக்கு இரண்டு வகுப்பும் பின் விறாந்தையில் தேத்தண்ணிக்குக் கூடும். அங்கே டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். நாங்கள் சிங்களத்தில்தான் பேச வேண்டும், அவர்கள் தமிழில்தான் பேச வேண்டும். வாய் தவறிச் சொந்த மொழி பேசினவர்கள் எல்லாருடைய கோப்பையையும் கழுவ வேண்டும். நாங்கள் தட்டுத் தடுமாறிச் சிங்களத்தில் கேட்போம், அவர்கள் தட்டுத் தடுமாறித் தமிழில் பதில் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியங்களின் கூட்டம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

எங்கள் வகுப்பில் மூத்தவர் ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் மாநகர சபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஒரே மகன் கட்டாரில். நான் வாரா வாரம் ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோவேன். எல்லாரும் எடுப்பார்கள், அக்கா மட்டும் தொட மாட்டார். ரோல்ஸ் செய்பவளிடம் ரோல்ஸ் வேண்டாம் என்றால் சும்மா இருக்க முடியுமா? ஒருநாள் வகுப்புக்கு வரும் வழியில் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"உங்க ரோல்ஸுல ஒரு குறையும் இல்லங்க" என்றார் அக்கா. "வீட்ல உப்ப விட்டாச்சு. அவருக்கு ஆகாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. அவருக்கு ஒரு சட்டி எனக்கு ஒரு சட்டின்னு வைக்க மனசு வரல. அதான் நானும் விட்டுட்டேன்."

இன்னொன்றையும் நான் கவனித்திருந்தேன். கோப்பை கழுவும் தண்டனை வாரா வாரம் இந்த அக்காவுக்கும், தமிழ் வகுப்பில் படிக்கும் ஒரு சிங்கள நர்ஸுக்கும்தான் விழுந்தது. எல்லாரும் தேத்தண்ணியை வாயில் வைத்ததுமே அக்கா சத்தமாக, "அம்மாடி, என்னா மழ!" என்பார். அந்த நர்ஸ் தங்கச்சியும் உடனே சிங்களத்தில் ஏதாவது சொல்லிவிடுவார். இரண்டு பேரும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போய்விடுவார்கள். இந்த இரண்டு பேரும் மூன்று மாதம் முடிந்தாலும் உருப்பட மாட்டார்கள் என்று நான் பக்கத்திலிருந்தவர்களிடம் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சூடான தேத்தண்ணி கையில் கொட்டி, "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். சட்டம் சட்டம்தான் என்றார் டீச்சர். நானும் குழாயடிக்குப் போனேன்.

அங்கே நான் கண்ட காட்சி வேறு. நர்ஸ் தங்கச்சி கழுவிய கோப்பையைக் கையில் பிடித்தபடி, ஒரு டொக்டரைப் போலக் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, மூச்சு விடாமல் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், விளங்கியதை அக்கா தமிழில் சொன்னார். "வலி எப்போ வருதுன்னு கேக்குறீங்க, படி ஏறும்போது மூச்சு வாங்குதான்னு கேக்குறீங்க, நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சு." விட்டுப்போனதை நர்ஸ் மறுபடி சொன்னார். அப்போதுதான் எனக்கு வெளித்தது. தேத்தண்ணி மேசையில் சட்டப்படி சிங்களவர்கள் தமிழ்தான் பேச வேண்டும். அங்கே அக்காவுக்குச் சிங்களம் பேசப் பழகலாம், கேட்கப் பழக முடியாது. கேட்பதற்காகத்தான் இந்தக் குழாயடி. தண்டனையை இவர்களே விலைக்கு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

"எதுக்கு அக்கா இந்தப் பாடு?" என்று கேட்டேன். கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு நெஞ்சு வலி வந்து கிளினிக் போறோங்க. நானும் கூடவே போவேன், பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். டொக்டர் நல்ல மனுசன். நிறைய நேரம் பேசுவாரு. போன தடவ துண்டுப் பேப்பர்ல நெஞ்சு மாதிரி படம் வரைஞ்சு காட்டுனாரு. வெளிய வந்து என்னங்க சொன்னாருன்னு கேட்டா, உப்பக் குறைக்கச் சொல்றாருங்கிறாரு. அதுக்கு முந்தி போனப்பவும் உப்புத்தான். உப்புக்கு எதுக்குங்க படம்?"

யோசித்துப் பாருங்கள். சிங்களம் தெரிந்தவர் கணவர், நோயாளியும் அவரே. தன் நோயைப் பற்றி டொக்டர் சொல்வதைத் தன் மனைவிக்கு அவரே மொழிபெயர்த்துச் சொல்கிறார். அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் அவர் கையில்தான்.

சிங்களம் தெரிந்த என் கணவரை அனுப்பி டொக்டரிடம் கேட்கச் சொல்லட்டுமா என்றேன். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

"கலியாணம் முடிச்சு வந்த நாள்ல இருந்து கந்தோரு, பேங்கு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் இன்னொருத்தர் வாயாலதான் கேட்டுட்டு வாறேன். இத நானே கேக்கணுங்க. அவரு என் புருசன்."

நர்ஸ் தங்கச்சி, கிளினிக் நடக்கும் அதே ஆஸ்பத்திரியில் வேறொரு வார்டில் வேலை செய்பவர். அவர் நினைத்தால் விசாரித்திருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அதை விளங்கிக்கொண்டு, தன் வகுப்புத் தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "நான் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் அது சரி இல்லை. அக்காவும் என்னிடம் கேட்கவில்லை." அந்தச் செந்தமிழைக் கேட்டுச் சிரிக்க எனக்கு அன்று மனம் வரவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நானும் வேண்டுமென்றே தமிழ் பேசிக் குழாயடிக்குப் போனேன். கோப்பை கழுவ இவ்வளவு ஆசையா என்று டீச்சர் பின்னாலேயே வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார். திரும்பிப் போனார். அன்று இடைவேளைக்குப் பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"ஒராளு வேகமா பேசினா பயப்பட வாணாம். நிப்பாட்டச் செல்ல ஒங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லி, எங்கள் எல்லாருக்கும் மூன்று வசனம் கற்றுக்கொடுத்தார். ஆயெத் கியன்ன, திரும்பச் சொல்லுங்கள். ஹெமின் கியன்ன, மெதுவாகச் சொல்லுங்கள். மட்ட கியன்ன, எனக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல எல்லாரும் கூடிச் சத்தம் போட்டுச் சொன்னோம். யாருக்காக இந்தப் பாடம் என்று அவர் காட்டிக்கொள்ளவே இல்லை. அந்தச் சின்ன வயதில் இவ்வளவு பக்குவம் எங்கிருந்து வந்தது என்று நான் இன்றும் வியக்கிறேன்.

கிளினிக் நாள் வந்தது. அக்கா என்னையும் கூட வரச் சொன்னார், ஒரு நிபந்தனையுடன். "வாய மட்டும் திறக்கக் கூடாது. எனக்கு மயக்கம் வந்தா பிடிச்சுக்குங்க, அது போதும்." விடியற்காலையிலேயே கடைகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, குட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அக்காவின் கணவரை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். தேய்த்துப் போட்டிருந்த சேட்டு, வாய் நிறையச் சிரிப்பு. வழியில் வந்த சிற்றூழியர் முதல் வரிசையில் நின்றவர் வரை எல்லாரிடமும் சிங்களத்தில் நலம் விசாரித்தார். எனக்கு உட்கார இடம் பிடித்துத் தந்ததும் அவர்தான். வில்லனைப் பார்க்கப் போகிற நினைப்பில் போனவளுக்கு, இந்த மனிதரைக் கோபிக்கவே முடியவில்லை.

டொக்டரின் அறைக்குக் கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலை. அதுவும் பாதி விலகி இருந்தது. வாசலை ஒட்டிய வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

டொக்டர் பேசினார். அக்கா சொன்னது போலவே நிறைய நேரம் பேசினார். அக்காவின் கணவர் ஒவ்வொன்றுக்கும் "ஹரி சேர், ஹரி சேர்" என்றார். விளங்காமல் ஹரி சொல்பவள் நான். அவர் எல்லாம் விளங்கிக்கொண்டே ஹரி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எழும்பி, அக்காவிடம் தமிழில், "வா போவோம். உப்பு விசயந்தான்" என்றார்.

அக்கா எழும்பவில்லை. மடியிலிருந்த குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு டொக்டரைப் பார்த்தார்.

"ஆயெத் கியன்ன" என்றார். "ஹெமின் கியன்ன. மட்ட கியன்ன."

கணவர் திகைத்துப்போய் மறுபடி கதிரையில் இருந்தார். உடனே சுதாரித்துக்கொண்டு, டொக்டரிடம் சிங்களத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். இவள் பயந்த சுபாவம் சேர், இவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம் என்பதுதான் அது. எனக்கே விளங்கியது. இதுவரை அவர் இப்படி அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எத்தனை முறை சொன்னாரோ தெரியாது.

அக்கா அவர் பக்கம் திரும்பாமலே, "மட்ட பய நே" என்றார். எனக்குப் பயமில்லை. பயத்தில் அக்காவின் கால் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் கதிரையை அக்காவின் பக்கம் திருப்பினார். ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து மறுபடியும் அந்தப் படத்தை வரைந்தார். ஒரு பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். விளங்காத இடத்தில் அக்கா கையைத் தூக்குவார், அவர் நிறுத்தி வேறு விதமாகச் சொல்வார். இருதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன. மருந்து மட்டும் போதாது, ஒபரேஷன் செய்ய வேண்டும். இதைப் பல மாதமாகச் சொல்லி வருகிறேன். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று இவரும் சொல்லி வருகிறார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்து இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். "நொகளொத்?" என்றார் முதலில். செய்யாவிட்டால்? எந்த நேரமும் இருதயம் நின்றுவிடலாம் என்றார் டொக்டர். "களொத்?" என்றார் அடுத்து. செய்தால்? அதிலும் ஆபத்து இல்லையென்று சொல்ல மாட்டேன், ஆனால் என் சொந்த அப்பாவாக இருந்தாலும் நான் செய்யத்தான் சொல்வேன் என்றார்.

அப்போதுதான் அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார், அழப் போகிறார் என்று நினைத்து நான் வாங்கிலிருந்து பாதி எழும்பிவிட்டேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் உப்பில்லாம சமைச்சுப் போட்டது எதுக்குங்க?" என்றார்.

"உப்பையுந்தான் சொன்னாரு" என்றார் கணவர், கேட்டதும் கேட்காததுமாக.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. தமிழ் விளங்காத டொக்டர், என்ன சொல்கிறார் உங்கள் மனைவி என்று கணவரிடமே கேட்டார். பாவம், தன் மனைவியின் கேள்வியை அவரே சிங்களத்தில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. இந்த முறை ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அக்காதான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாரே!

அக்கா டொக்டரிடம், "தினயக் தென்ன" என்றார். ஒரு திகதி தாருங்கள்.

வெளியே வந்து விறாந்தைத் தூணோடு நின்றபோதுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார். "என்னோட வேல செஞ்சவன் ஒருத்தன், இதே ஒபரேஷனுக்கு நடந்துதான் உள்ள போனான். வெளிய தூக்கிட்டு வந்தாங்க. உனக்குத் தெரிஞ்சா நீ செய்யாம விடமாட்ட. அதான் சொல்லல."

"விடமாட்டேன்னு தெரியுதுல்ல. அப்புறம் என்னங்க" என்று சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தது. கணவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மழையே இல்லாத விறாந்தையில் குடையை விரித்து அக்காவின் முகத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

ஒபரேஷன் நாளும் எங்கள் வகுப்பின் கடைசி நாட்களும் ஒன்றாக வந்தன. முடிவில் எல்லாருக்கும் ஒரு பேச்சுப் பரீட்சை உண்டு. அக்கா வரவில்லை. அன்று தேத்தண்ணி மேசையில் யாருக்கும் பேச்சு வரவில்லை, எந்த மொழியிலும். வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்த நர்ஸ் தங்கச்சி, நனைந்த குடையை மடக்காமலே விறாந்தையில் நின்று, தமிழில் சொன்னார். "ஐயா கண் திறந்தார். ஐயா அக்காவோடு பேசினார்."

அவ்வளவுதான். எங்கள் சட்டம் அங்கேயே உடைந்தது. சிங்களவர்கள் சிங்களத்தில் கத்தினார்கள், நாங்கள் தமிழில் கத்தினோம். நான் டீச்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு யாருடைய பெயரையும் கூப்பிடாமல், டீச்சரே எல்லாக் கோப்பைகளையும் அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அக்காவுக்கு மட்டும் சான்றிதழ் கிடைக்கவில்லை. வேறொரு நாளில் பரீட்சை வைக்கிறேன் என்று டீச்சர் சொல்லியும் அவர் வரவில்லை, நேரமில்லை என்றார். உண்மையில் நேரமில்லைதான். காலையும் மாலையும் கணவரை நடக்கக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்த சான்றிதழைப் பிரேம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறேன். கடைக்காரர்களிடம் இப்போது முழு வசனமாகப் பேசுகிறேன். பூட்டிய கடைக்கு முன்னால் நிற்பது நின்றுவிட்டது.

சில மாதங்கள் கழித்து இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "இப்ப போன்ல கூட நிம்மதியா ஒரு வார்த்த பேச முடியலங்க. எல்லாம் விளங்குது இவளுக்கு" என்று கணவர் குறைப்பட்டுக்கொண்டார். முகமெல்லாம் பெருமை. பழக்க தோஷத்தில் ரோல்ஸ் தட்டை அக்காவைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டப் போனேன். அக்கா கையை நீட்டித் தட்டை மறித்து ஒன்றை எடுத்தார்.

"நான் சாப்பிடலாமாம். அவருக்கும் அளவோட கொஞ்சம் உப்புப் போடலாமாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "நானே கேட்டேன்."

இன்றும் ரோல்ஸுக்கு அவித்த கிழங்கில் உப்புப் போடும்போதெல்லாம் அந்தக் குழாயடி நினைவுக்கு வருகிறது. டொக்டர் சொன்ன அத்தனையிலும் தன் கைக்கு வந்து சேர்ந்தது உப்பு மட்டும்தான் என்று தெரிந்ததும், மிச்சத்தைத் தானே போய் வாங்கி வருவதற்காக அந்த வயதில் ஒரு மொழியைக் கற்ற ஒரு பெண்ணோடு நானும் கோப்பை கழுவியிருக்கிறேன் என்பதில் எனக்கு இருக்கும் பெருமை, பிரேமுக்குள் இருக்கும் அந்தச் சான்றிதழில்கூட இல்லை.